ஈரம் சாயும் பக்கம்

துறைமுகத்துக்குள் மலை இருக்க வாய்ப்பே இல்லை. ஆய்வு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவளுடைய மேஜைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாலே அந்தத் துறைமுகம் முழுசாகத் தெரியும். கலங்கிய தண்ணீர், அதன் மேல் வானவில் காட்டும் எண்ணெய்ப் படலம், சுவரோரம் ஒதுங்கி ஊறிக் கிடக்கும் குப்பை, அடியில் வருஷா வருஷம் தோண்டி அள்ளினாலும் தீராத கறுப்புச் சேறு. ஆனால் அவளுடைய கணினித் திரையில், ஆய்வுக் கப்பல் வந்து நின்ற அதே இடத்தில், சேற்றுக்கு நடுவே ஒரு மலை எழுந்து நின்றது.

கடலடியின் உருவத்தை வரைவதுதான் அவள் தொழில். கண்ணால் பார்த்து அல்ல, எடையை வைத்து. அடியில் கனத்த பாறை இருக்கும் இடத்தில் பூமியின் இழுப்பு மயிரிழை அளவு கூடும், பள்ளம் இருக்கும் இடத்தில் குறையும், கடல் தண்ணீர்கூட மலை இருக்கும் பக்கமாகச் சாய்ந்து யாருக்கும் தெரியாத ஒரு மேடு கட்டி நிற்கும். கப்பலின் வயிற்றில் ஈர்ப்புமானி என்ற பெட்டி அந்த மயிரிழை வித்தியாசங்களை இடைவிடாமல் அளந்துகொண்டே போகும். அந்த எண்களை மலையாகவும் மடுவாகவும் மாற்றுவது அவள். பெட்டியைப் பார்த்துக்கொள்வது அவளுடைய அண்ணன். "மூடி போட்ட பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தே உள்ள எவ்வளவு மிச்சம்னு சொல்ற ஆளு எங்க பாப்பா" என்று கப்பல்காரர்களிடம் அவளைப் பற்றிப் பீற்றிக்கொள்வான்.

முதலில் கருவிக் கோளாறு என்றுதான் நினைத்தாள். கப்பல் திரும்பி வந்த வழி நெடுக மலைகள் இருந்தன. ஆனால் ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் இன்னொரு கருவி அதே வழியில் தரை சோற்றுத் தட்டுபோலத் தட்டையாக இருப்பதாகச் சொன்னது. கோளாறு என்றால் தாறுமாறாக இருக்கவேண்டும். இது ஒழுங்காக இருந்தது. கொஞ்ச தூரம் மலை, பிறகு நெடுந்தூரம் தட்டை, மறுபடி மலை. நேரத்தைப் போட்டுப் பார்த்தபோது ஒரு நாளைக்கு ஒரு மலை என்று வந்தது. கப்பலுக்குக் கீழே இருப்பது எதுவும் அப்படி நாள் பார்த்து எழாது. அப்படியென்றால் கனம் கடலில் இல்லை. கப்பலில், பெட்டிக்கு அடியில் எங்கோ இருக்கிறது.

பெட்டி இருக்கும் அறைக்கு நேர் கீழே இருப்பது அண்ணனின் படுக்கை. ஒரு தடவை கப்பலைச் சுற்றிக் காட்டியபோது, "தூக்கத்துல புரண்டு படுத்தாக்கூட மேல மீட்டர் என்னைப் போட்டுக் குடுத்துடும்" என்று சொல்லிச் சிரித்திருந்தான். ஒரு மனுஷனுடைய எடையெல்லாம் அந்தப் பெட்டிக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவன் வேலை நேரத்தை மலைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவன் விழித்திருந்த நேரமெல்லாம் கடலடி தட்டை. படுக்கப் போனதும் மலை. ஒவ்வொரு தூக்கத்துக்கும் அது முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. கடைசி மலை, துறைமுகத்து மலை, கப்பல் கரைசேர்ந்து நின்ற பிறகும் அவன் எழுந்திருக்காமல் தூங்கிய நேரம்.

எல்லாம் தொடங்கியது ஓர் இடத்தில். அங்கே கப்பலை நிறுத்தி, நீளமான இரும்புக் குழாயை இறக்கி, அடிமண் எடுத்திருந்தார்கள்.

அவள் கீழே மண்கிடங்குக்குப் போனாள். குளிரூட்டிய கூடம், அடுக்கடுக்காக நீளவாக்கில் பிளந்து வைத்த குழாய்கள், அவற்றுள் பச்சை, பழுப்பு, கறுப்பு என்று பல நிற மண். கிடங்குக்காரர் அந்தப் பயணத்தில் தானும் போயிருந்தவர். அவள் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"அதுவாம்மா? மூக்கைப் பொத்திக்கிட்டு வா."

மூலையில் தனியாக வைத்திருந்தார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் மண்ணோடு ஒட்டி உள்ளுக்கு உறிஞ்சப்பட்டிருந்தது. உள்ளே இருந்ததை மண் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளிறிய சாம்பல் ரோஜா நிறம், கன்னத்தின் உட்பக்கம் போல வழவழப்பு, ஊடே மெல்லிய நீல இழைகள். வாடை அழுகல் வாடையாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பல் தேய்க்காத வாய் ஒன்று முகத்துக்கு நேரே திறந்து மூச்சுவிட்டதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்கூடத்தில் எப்படி வெதுவெதுப்பு? தரை எதிர்ச் சுவர்ப் பக்கம் சரிவாகத்தான் கட்டியிருந்தது. ஆனாலும் பனி உருகிய தண்ணீர் சரிவுக்குப் போகாமல் அந்தக் குழாயைச் சுற்றிக் குட்டையாகத் தேங்கியிருந்தது.

மண்ணின் மேல்முனையில் விரலால் வழித்தெடுத்த தடம் ஒன்று.

"இது உங்க அண்ணன் கைவரிசை" என்றார் கிடங்குக்காரர். "களிமண்ணா வண்டலான்னு தெரிய நாங்க துளி எடுத்துப் பல்லுல வச்சுப் பார்ப்போம். நறநறங்கும், இல்லன்னா வழுக்கும். அன்னிக்கு அந்த நாத்தத்துக்கு ஒருத்தனும் கிட்டவே போகல. உங்க அண்ணன், 'எப்பப் பார்த்தாலும் அந்தப் பெட்டி மூஞ்சியிலயே முழிச்சு சலிச்சுப் போச்சு, ஒரு நாளாவது நான் மண்ணு ஆளா இருக்கேன்'னு எடுத்து வாயில போட்டுட்டார்."

"துப்பினானா?"

"துப்பத்தான் பார்த்தார். கப்பல் ஓரத்துக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு காறினார், காறினார்... ஒண்ணும் வரல. நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்." அவர் சிரிக்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "எச்சில்கூட வரலம்மா. அதான் எனக்கு இப்ப நெனச்சாலும் என்னவோபோல இருக்கு."

அண்ணியைப் போனில் கூப்பிட்டாள். நெடுநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தாள். பின்னால் தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம், டங், டங், டங் என்று, அவள் பேசும்போதும் நிற்காமல் கேட்டது.

"பாப்பா, நல்லவேளை நீயே கூப்பிட்டே. வரும்போது பினாயில் வாங்கிட்டு வா. பெரிய டப்பாவா. வீட்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு."

"அண்ணன் என்ன பண்றான் அண்ணி? தூங்கறானா?"

டங், டங்.

"தூங்க விடமாட்டேன்" என்றாள் அண்ணி.

அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. அவள் பினாயில் டப்பாவோடு போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் முழுதாகச் சாயவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் வாசலில் நாற்காலி போட்டு மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க மேல்வீட்டுக்குத்தானே? அவங்ககிட்டச் சொல்லுங்க. சாக்கடை கீழ போய்தான் பார்த்திருக்கேன், எங்க வீட்டுச் சாக்கடை மேல ஏறுது!" என்றார். கோபத்தில் சொன்னதுபோல இருந்தது. ஆனால் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. வெளியில் தெரியும் கழிவுக்குழாயைக் காட்டினார். அதன் பொருத்துகளில் கசிந்த சாம்பல் நிறக் கொழகொழப்பு, சொட்டாமல், சுவரைப் பிடித்து மேல்நோக்கி வழிந்திருந்தது.

அண்ணி கதவைத் திறந்தாள். ஒரு கையில் துடைப்பம், மறு கையில் கரண்டி, இடுப்பில் சொருகிய தட்டு. கண்கள் குழி விழுந்து, உதடுகள் வெடித்து, தலைமுடி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. வீட்டுக்குள் பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. அதற்கு அடியில், பினாயிலால் மூட முடியாமல், கிடங்கில் அடித்த அதே வாய் வாடை.

"செருப்பைக் கழட்டாதே" என்றாள். "காலை வச்சா ஒட்டும்."

கூடத்துத் தரை முழுக்க ஈரம். அண்ணி தண்ணீரைக் குளியலறைப் பக்கம் தள்ளிவிட்டாள். அது போனது, வாசற்படி வரை போய் நின்றது, பிறகு யோசித்து முடிவெடுத்ததுபோலத் திரும்பி, படுக்கையறைக் கதவை நோக்கி ஊர்ந்து வந்தது. குளியலறைத் துவாரத்தின் மேல் ஒரு அம்மிக்கல் கனத்துக்கு ஏதேதோ அடுக்கி வைத்திருந்தாள். அப்படியும் இடுக்கு வழியே வெளிவந்திருந்தது. எத்தனையோ பேருடைய முடி, சோப்புப் பிசுக்கு, ஊறிப்போன நகத்துண்டுகள், மஞ்சள் கோழை, எல்லாம் ஒன்றாக முறுக்கிக்கொண்டு ஒரு தடித்த கயிறாகி, நத்தையின் நிதானத்தில், கூடத்தைக் குறுக்காகக் கடந்து, படுக்கையறைக் கதவின் அடியிடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது. அது நகரும்போது மெலிதாகச் சப்புக்கொட்டும் ஓசை கேட்டது.

"காலையில வெட்டி வெளிய போட்டேன்" என்றாள் அண்ணி. "போட்டதும் வந்துடுச்சு."

மேஜையில் பாதி குடித்த தண்ணீர்க் குவளை இருந்தது. உள்ளே தண்ணீர் சாய்ந்திருந்தது. குவளை நேராகத்தான் இருந்தது. தண்ணீர் மட்டும் படுக்கையறைப் பக்கத்து விளிம்பில் ஏறி, மேடு கட்டி நின்றது.

அவள் எத்தனையோ வருஷமாக எண்களில் பார்த்த சாய்வு அது. கண்ணால் யாரும் பார்க்கக்கூடாத சாய்வு.

"பாப்பாவா?" கதவுக்கு உள்ளிருந்து அண்ணனின் குரல். அதே குரல், கொஞ்சம் வறண்டிருந்தது. "வந்துட்டியா? வேலை எல்லாம் முடிஞ்சுதா?"

"அண்ணா, அந்த மண்ணை நீ..."

"முழுங்கணும்னு முழுங்கலடி. அதுவா உள்ள போயிடுச்சு. அதுலேர்ந்து எதுவுமே வெளிய போக மாட்டேங்குது. வேர்வை இல்ல, எச்சில் இல்ல, ஒண்ணுக்குப் போய் எத்தனை நாளாச்சு தெரியுமா?" சிரித்தான். "உங்க அண்ணி சொல்வாளே, நான் சிக்கனம்னு."

அவள் கதவைத் திறந்தாள்.

அண்ணன் வீங்கியிருப்பான் என்று நினைத்திருந்தாள். அவன் வற்றிப்போயிருந்தான். பனியனோடு ஒரு மர நாற்காலியில், முதுகு நிமிர்த்தி, சுவரில் சாய்ந்திருந்தான். தோல் காய்ந்து எலும்பில் ஒட்டியிருந்தது, உதடுகள் சுருங்கிப் பற்கள் தெரிந்தன. நாற்காலியின் கால்கள் தரைக்கல்லை உடைத்துக்கொண்டு ஒரு சாண் இறங்கியிருந்தன. அவனைச் சுற்றி, முழங்கால் உயரத்துக்கு, அந்த வீட்டிலும் கீழ்வீட்டிலும் இருந்த கழிவெல்லாம் குவிந்து நின்றது. சேறுபோலப் பரவவில்லை. அழகாக, வழவழவென்று, கவிழ்த்துவைத்த கிண்ணம்போல மேடு கட்டியிருந்தது. அதன் மேல் தோலில் முடிகள் எல்லாம் அவன் பக்கம் பார்த்துப் படிந்திருந்தன. அவன் மூச்சை உள்ளே இழுக்கும்போது அது எழும்பியது. விடும்போது இறங்கவில்லை.

அவளுக்கு வாந்தி வந்தது. தொண்டை வரை வந்தது. அதுவும் அவனை நோக்கிப் போகத் துடிப்பதை உணர்ந்ததும் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் அண்ணா."

"எப்படிப் போறது? மாடிப்படி தாங்காது. இந்தத் தரையே எத்தனை நேரம் தாங்குமோ." கண்ணை அவள் பக்கம் திருப்பினான். அந்தக் கண்கள் பளபளக்கவில்லை. தூசி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தன. "கப்பல்ல முழிச்சதும் நின்னுடும், இப்ப முழிச்சிருந்தாலும் இவ்வளவு இழுக்குது. தூங்கினா இன்னும் வேகமா ஏறுது. இவளைப் போயிடுன்னு தலையால அடிச்சுக்கறேன், கேக்க மாட்டேங்கறா."

"நான் போனா உங்களை யாரு முழிக்க வைப்பா?" என்றாள் அண்ணி. தட்டை அடித்தாள். டங். அடுத்த அடி குறி தவறியது. எத்தனை நாளாக அவளும் தூங்கவில்லையோ.

கிடங்குக்காரரைப் போனில் கூப்பிட்டாள். நடந்ததை எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை; அவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கப்பலின் டாக்டரையும் தூக்கும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு உடனே வருவதாகச் சொன்னார். அது வரைக்கும் விழித்திருக்க வைத்தால் போதும். அவ்வளவுதான். ஒரு மனுஷனைக் கொஞ்ச நேரம் பேச்சுக்கொடுத்து உட்காரவைக்க முடியாதா?

"குடுங்க அண்ணி. நான் பார்த்துக்கறேன். நீங்க கொஞ்சம் உக்காருங்க."

அண்ணி தட்டையும் கரண்டியையும் கொடுத்தாள். சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். தலை மார்பில் விழுவதற்குள் தூங்கிவிட்டாள்.

டங். டங். அவள் வாய் ஓயாமல் பேசினாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை அண்ணன் ஒளித்துவைத்து மாட்டிக்கொண்டது, மேலதிகாரியின் விக் காற்றில் பறந்தது, எது வாயில் வந்ததோ அது. அண்ணன் சிரித்தான். "அந்த ஆளு அதைப் பிடிக்க ஓடினது இருக்கே" என்றான். "ம்" என்றான். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வாய்க்குள் எச்சில் ஊறி முன்பற்களில் வந்து முட்டியது. உதட்டை இறுக்கிக்கொண்டு, இடையிடையே விழுங்கி விழுங்கிப் பேசினாள். மூக்கு ஒழுகியது. துடைத்தாள். ஒழுகியது, கீழே அல்ல, நேராக.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கறியா அண்ணா?"

பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடு அவன் தொடைக்கு வந்திருந்தது.

"அண்ணா?"

அவன் இமைக்கவில்லை. இத்தனை நேரமாக அவன் இமைக்கவே இல்லை. இமைகள் காய்ந்து மேலே ஒட்டிக்கொண்டிருந்தன. மூட முடியாத கண்கள். மார்பு சீராக ஏறியது, இறங்கியது. தொண்டையில் மெல்லிய குறட்டை.

எப்போதிலிருந்து?

அவள் தட்டை அடித்தாள். அடித்தாள். கத்த வாயைத் திறந்தாள். வாய்க்குள் இருந்த ஈரம் முழுதும் ஒரே இழுப்பில் வெளியே போனது. நாக்கு பல்லில் மோதியது. வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் உள்ளேயே நின்றது.

குளியலறையில் அடுக்கிவைத்தது சரிந்து விழுந்தது. குழாய்கள் கொப்பளித்தன. கீழே தையல்காரர் அலறினார். கூடத்திலிருந்து ஒரு நீளமான சப்புக்கொட்டல், இந்த முறை வேகமாக. அவள் கணுக்காலை உரசிக்கொண்டு போனது. வெதுவெதுப்பாக. கனமாக. கதவின் சட்டத்தை ஒரு கையால் பிடித்தாள். தட்டு நழுவியது, விழவில்லை. அதில் ஒட்டியிருந்த ஈரத்தோடு போய் மேட்டில் புதைந்தது.

"அண்ணி!" என்று சொல்ல நினைத்தாள். வாயிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. உதட்டோரத்திலிருந்து ஓர் எச்சில் நூல் கிளம்பி, அந்தரத்தில், கயிறுபோல விறைப்பாக, அறையைக் கடந்து அண்ணனின் முகம் வரை போயிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் தடித்தது. நுரைத்தது. பிறகு நிறம் மாறியது. முதலில் இளஞ்சிவப்பு. பிறகு சிவப்பு. அண்ணியின் கன்னங்கள் மெல்ல உள்ளுக்குள் ஒடுங்கின. புருவம்கூட அசையவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு கிடைத்த தூக்கம்.

நூலின் மறுமுனையில் அண்ணனின் காய்ந்த உதடுகள், விழித்த கண்களுக்குக் கீழே, தூக்கத்தில், பச்சைக் குழந்தை பால் குடிப்பதுபோல அசைந்துகொண்டிருந்தன.